ரத்தக்காட்டேரியின் விலா எலும்பு

பாதங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரிஸ்வோல்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஜல்லிக் குவாரியின் சரிவில், தட்டைக் கற்களை அடுக்கி மூடிய புதைகுழி. முதல் கல்லைத் தூக்கியபோது சிவப்புச் சாயம் பூசிய சவப்பெட்டியின் மிச்சமும், இரண்டு பாதங்களின் எலும்புகளும் ஒழுங்காகத் தெரிந்தன. அடுத்த கல்லையும் தூக்கினார்கள். அதற்கு மேலே உடம்பில் எதுவுமே அதன் இடத்தில் இல்லை. தலை கழுத்தைவிட்டு எடுக்கப்பட்டு நெஞ்சின் மேல் வைக்கப்பட்டிருந்தது. தொடை எலும்புகள் இரண்டையும் பெருக்கல் குறி போல வைத்திருந்தார்கள். விலா எலும்புகள் உடைந்து கிடந்தன. கடற்கொள்ளையர் கொடியில் வரைவார்களே, அந்தச் சின்னம் அப்படியே எலும்பில் இருந்தது என்று அகழாய்வை நடத்திய நிக் பெல்லன்டோனி பிற்பாடு சொன்னார்.

இது 1990 நவம்பரில் தொடங்கியது. குவாரிச் சரிவில் சிறுவர்கள் விளையாடும்போது மண் சரிந்து இரண்டு மண்டையோடுகள் உருண்டு வந்தன. ஒரு பையன் மண்டையோட்டைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் அம்மா நம்பினார். போலீஸ் முதலில் கொலையாக இருக்குமோ என்ற கோணத்தில் பார்த்தது. எலும்புகள் பழையவை என்று உறுதியானதும் விஷயம் மாநிலத் தொல்லியலாளராக இருந்த பெல்லன்டோனியிடம் வந்தது. அது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வால்டன் என்ற பண்ணைக் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் பயன்படுத்திய இடுகாடு என்று தெரிந்தது. பெயர் பொறித்த கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோண்டி எடுத்தவை 29 புதைகுழிகள். மேலே சொன்னது அவற்றில் நான்காவது. அந்தச் சவப்பெட்டியின் மூடியில் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்து ‘ஜேபி 55’ என்று எழுதியிருந்தார்கள். பெயரின் முதலெழுத்துகளும் இறந்த வயதும்.

ஒவ்வோர் ஆண்டும் ஹாலோவீன் நெருங்கும்போது ஜேபி மறுபடி பேசப்படுகிறார். அக்டோபர் 31 இரவில் அமெரிக்கா முழுக்க வாசல்களில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கும். புல்வெளியில் போலிக் கல்லறைகள் முளைக்கும். எலும்போடு பழகும் தொல்லியலாளர்களுக்கு அது பேச்சுக்கும் கூட்டத்துக்கும் அழைப்பு வரும் காலம். அவர்களில் பலருக்கு அந்தத் திருவிழா மனதுக்கு நெருக்கமானதும்கூட. எனக்கும் அப்படித்தான். சாவையும் இடுகாட்டையும் பற்றிய ஆவலை அநாகரிகம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மற்றவர்கள் முகம் சுளித்துத் திரும்பிவிடும் இடத்தில் நின்று, இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பதுதான் இவர்களுடைய தொழில். ஜேபி விஷயத்தில் அப்படிப் பார்த்ததால் ஒரு நோயின் வரலாறு கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹாலோவீனே ஒரு தொல்லியல் விஷயம்தான். அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சம்ஹைன் விழாவிலிருந்து அது வளர்ந்தது. அந்த இரவில் மறுவுலகத்தின் வாசல் திறந்துகொள்ளும் என்று பழைய ஐரிஷ் கதைகள் சொல்கின்றன. அந்த வாசலாகச் சொல்லப்படும் ஊனகாட் குகை, ராஸ்காமன் மாவட்டத்து ராத்கிரோகன் தொல்லியல் பரப்பில் இன்றும் இருக்கிறது. உள்ளே ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் பொறித்த கல்லையும் பார்க்கலாம். பூசணிக்காயில் முகம் செதுக்குவது அமெரிக்காவில் வந்த மாற்றம். ஊர்ப்பக்கத்து ஐரிஷ்காரர்கள் செதுக்கியது டர்னிப் கிழங்கில். டொனகால் மாவட்டத்தின் ஃபின்டவுனில் கிடைத்த அப்படி ஒரு டர்னிப் விளக்கின் வார்ப்பு, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாடிச் சுருங்கிய கிழவன் முகம். பூசணியைவிடப் பல மடங்கு பயமுறுத்துகிறது.

மண்ணில் செய்யும் வேலை

புதைகுழியைத் தோண்டுவது மெதுவான வேலை. மேல்மண்ணை விளிம்பு தட்டையான மண்வெட்டியால் சீவுவார்கள். எலும்பு நெருங்கியதும் தூரிகையும் கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சியும். கத்தியோ இரும்புக் கரண்டியோ ஏன் கூடாது என்றால், உலோகம் எலும்பில் கீறல் விடும். இன்று நாம் போட்ட கீறல், நாளைக்கு ஆய்வகத்தில் இருப்பவருக்குப் பழைய வெட்டுக்காயமாகத் தெரியக்கூடும். தலை வெட்டப்பட்டதா, கழன்றதா என்ற கேள்வி வரும் ஜேபி மாதிரியான குழியில் அது பெரிய விபத்து. ஓர் எலும்பையும் அசைப்பதற்கு முன் படம் எடுத்து, அளந்து, வரைந்து முடிக்க வேண்டும். எடுத்த மண் சல்லடைக்குப் போகும். விரல் நுனி எலும்பு, பல், சட்டைப் பொத்தான், பிணத்தைச் சுற்றிய துணியில் குத்திய ஊசி எல்லாம் அங்கேதான் அகப்படும்.

மரம் மக்கிப்போன பிறகும் சவப்பெட்டி பேசும். மண்ணில் பெட்டியின் உருவம் கருத்த கோடாகத் தங்கிவிடுகிறது. ஆணிகள் துருப்பிடித்தாலும் அடித்த இடத்திலேயே நிற்கும். கொல்லர் பட்டறையில் ஒவ்வொன்றாக அடித்த ஆணிக்கு நான்கு பக்கமும் கூம்பிக்கொண்டே போகும். 1790-களுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய இயந்திர ஆணி, தகட்டிலிருந்து வெட்டியது என்பதால் இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். பெயரும் தேதியும் இல்லாத இடுகாட்டில் இப்படிப்பட்ட ஆணிதான் காலம் சொல்லும் சாட்சி.

கல் இருந்திருந்தால் வேலை இன்னும் எளிது. கனெக்டிகட் அடங்கிய அமெரிக்க வடகிழக்குப் பகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர். அங்கே பழைய கல்லறைக் கற்களில் சிறகு முளைத்த மண்டையோடு பல்லை இளித்துக்கொண்டிருக்கும். ஹாலோவீன் அலங்காரங்களில் காணும் பல உருவங்களுக்கு இதுதான் பாட்டன். ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் என்ற இரு தொல்லியலாளர்கள் 1960-களில் மாசசூசெட்ஸ் இடுகாடுகளில் கல் கல்லாக நின்று, எந்த உருவம் எந்த ஆண்டில் இருக்கிறது என்று எண்ணினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்டையோடுதான் எங்கும். 18-ஆம் நூற்றாண்டு போகப்போக அந்த இடத்தைச் சிறகு முளைத்த குழந்தை முகம் பிடித்தது. 1800-ஐ ஒட்டி இரண்டும் ஒழிந்து, கலசமும் அழுகிற வில்லோ மரமும் வந்தன.

அவர்கள் இதைச் செய்தது அழகுணர்ச்சிக்காக மட்டும் இல்லை. பானை, ஆபரணம் என்று எந்தப் பொருளின் பாணியும் கொஞ்சமாகத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், தேய்ந்து மறையும் என்று தொல்லியல் நெடுங்காலமாக நம்பிவந்தது. தேதி தெரியாத பானை ஓடுகளை வரிசைப்படுத்தும் முறையே அந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கல்லறைக் கல்லில் ஆண்டு பொறித்திருக்கிறதே, அதை வைத்து அந்த நம்பிக்கையைச் சோதித்துவிடலாம். சோதித்தார்கள், வளைவு எதிர்பார்த்தபடியே வந்தது. இடுகாட்டில் திரியும் பழக்கம், ஓர் ஆய்வு முறையையே உறுதிப்படுத்திக் கொடுத்த கதை இது. ஹாலோவீன் கூட்டங்களில் இதை இன்னும் அதிகம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மூட்டுகள் விட்டுப்போகும் வரிசை

மறுபடி ஜேபிக்கு வருவோம். பாதங்கள் ஒழுங்காகவும் தலை இடம் மாறியும் இருந்ததே, அதிலிருந்து என்ன தெரிகிறது?

இறந்த உடலில் மூட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டுப்போவதில்லை. கை, பாத விரல்கள், கழுத்தின் முள்ளெலும்புகள், தோள்பட்டை போன்றவற்றின் தசைநார்கள் மெல்லியவை, சீக்கிரம் அழுகிவிடும். முழங்கால், இடுப்பு, கணுக்கால், கீழ்முதுகு ஆகியவை உடலின் பாரத்தைத் தாங்குபவை. அங்கே நார்கள் தடிமன், கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். பிரான்ஸின் ஆன்றி டுடே போன்ற ஆய்வாளர்கள் இந்த வரிசையை வைத்துப் புதைகுழியைப் படிக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். முதலில் விட்டுப்போகும் பாத விரல் எலும்புகளே கலையாமல் இருக்கின்றன என்றால், ஜேபியின் உடல் இந்தக் குழியில்தான் அழுகியது. வேறெங்கோ மக்கிய எலும்பை அள்ளிவந்து போடவில்லை. பாதப் பக்கத்தை யாரும் தொடவும் இல்லை. வந்தவர்களுக்கு வேண்டியது நெஞ்சுப் பக்கம்.

எப்போது வந்தார்கள் என்பதை உடைந்த விலா எலும்பு சொல்கிறது. எலும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் என்ற புரதமும் பிற கரிமப் பொருளும். மீதியில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் தாது. கொலாஜன் இருக்கும்வரை எலும்புக்கு வளைந்துகொடுக்கும் குணம் உண்டு. உயிருள்ளவரின் எலும்போ, இறந்து சில நாளே ஆனவரின் எலும்போ உடைந்தால் முறிவு சாய்வாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். புரதம் குறைந்து உலர்ந்த எலும்பு குறுக்காக, சொரசொரப்பாக உடையும். உடைந்த முகத்தின் நிறமும் கவனிக்கத்தக்கது. நேற்று மண்வெட்டி பட்டு உடைந்திருந்தால் உள்பக்கம் வெளிறியிருக்கும். நெடுங்காலம் முன்பு உடைந்திருந்தால் மண்ணின் கறை அந்த முகத்திலும் ஏறியிருக்கும். இவற்றையெல்லாம் பார்த்து, தலையை எடுத்ததும் விலாவை உடைத்ததும் இறந்து சுமார் 5 ஆண்டுகள் கழித்து நடந்தவை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

மற்ற எலும்புகள் மறு அடக்கத்துக்குப் போயின. ஜேபி மட்டும் வாஷிங்டனில் அப்போது இருந்த தேசிய உடல்நல, மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே உயிரியல் மானுடவியலாளர் பால் ஸ்லெட்ஸிக் அவரைப் பரிசோதித்தார். காறை எலும்பு முறிந்து, சரியாகச் சேராமல் ஆறியிருந்தது. முழங்காலில் மூட்டுத் தேய்மானம். பாடுபட்டு உழைத்த உடம்பு. இடது பக்கத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது விலா எலும்புகளில்தான் விஷயம் இருந்தது.

விலா எலும்பின் உட்பக்கம் நுரையீரலின் உறையை ஒட்டி இருக்கிறது. நுரையீரலில் நாள்பட்ட அழற்சி இருந்தால் அது உறைக்குப் பரவி, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையும் தூண்டிவிடும். அந்தச் சவ்வு, இருக்கும் எலும்பின் மேலேயே புது எலும்பைப் படியவைக்கும். விரலால் தடவினால் வழவழவென்று இருக்க வேண்டிய உட்பக்கம், சொரசொரப்பாக, நுண்துளைகளோடு, கொஞ்சம் சாம்பல் நிறத்தில் தட்டுப்படும். இறந்த காரணம் பதிவாகியுள்ள எலும்புத் தொகுப்புகளில் தேடிப் பார்த்தபோது, இப்படிப்பட்ட படிவு காசநோயில் இறந்தவர்களிடம் மிகுதியாக இருப்பது தெரிந்தது. நிமோனியா போன்ற வேறு நோய்களிலும் இது வரலாம் என்பதால், தனியாக இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். காசநோயாளிகளில் பெரும்பாலோருக்கு எலும்பில் தடயமே விழாது. எலும்பு வரை போவதற்குள் ஆள் போய்விடுவார். ஜேபி அந்த நோயோடு, அல்லது அதைப் போன்ற நுரையீரல் நோயோடு, நெடுநாள் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

இருமிக்கொண்டே மெலிந்து, முகம் வெளிறி, வாயோரம் ரத்தம் தெரிய நெடுநாள் வாழ்ந்து செத்த ஒருவர். ஐந்தாண்டுக்குப் பிறகு அவர் குழியைத் திறந்து நெஞ்சைக் கலைத்த அண்டை வீட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க பெல்லன்டோனிக்கு நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் மைக்கேல் பெல் கைகொடுத்தார். நியூ இங்கிலாந்தில், இறந்தவர் வந்து வீட்டாரின் உயிரை உறிஞ்சுகிறார் என்று நம்பி, காசநோயில் இறந்தவரின் உடலைத் தோண்டிப் பார்த்து, இதயத்தில் ரத்தம் இருந்தால் எரித்துவிடும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இருந்தது. அவர் திரட்டிய நிகழ்வுகள் 80-ஐ ஒட்டி வரும். கிரிஸ்வோல்டிலேயே ஜூவெட் சிட்டி என்ற பகுதியில், 1854-இல், ரே என்ற குடும்பம் இதைச் செய்திருக்கிறது. தந்தையும் மகன்களுமாக அடுத்தடுத்து நோயில் போக, இருக்கும் ஒரு மகனைக் காப்பாற்றுவதற்காக இறந்த இரு சகோதரர்களின் உடல்களைத் தோண்டி எரித்தார்கள். வெர்மான்ட்டில் நடந்த இதுபோன்ற சம்பவத்தைப் படித்துவிட்டு 1859-இல் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தன் நாட்குறிப்பில் குறித்துவைத்தார். அந்தக் குடும்பங்கள் இறந்தவரைக் காட்டேரி என்று அழைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெயரைப் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களும் செய்தித்தாள்களும்தான் ஒட்டின.

ஜேபியின் குழியைத் திறந்தவர்கள் தேடியது இதயத்தை என்றால், ஐந்து ஆண்டு ஆன உடலில் அது கிடைத்திருக்காது. எரிக்க ஒன்றும் இல்லாததால், நடக்க முடியாதபடி எலும்பைக் கலைத்து வைத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நான் படித்தவற்றில் எலும்புகளின் நிலையோடு நன்றாகப் பொருந்தும் விளக்கம் இதுதான்.

இதயத்தில் ரத்தம் இருந்தது எப்படி?

இந்த வழக்கத்தின் கடைசிப் பெரிய சம்பவம் ரோட் ஐலண்டின் எக்ஸெட்டர் கிராமத்தில் நடந்தது. ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவி 1883-இல் காசநோயில் இறந்தார். அடுத்த ஆண்டே மூத்த மகள். பிறகு மகன் எட்வின் இருமத் தொடங்கினார். நல்ல காற்றுக்காகக் கொலராடோ போய்ப் பார்த்தார். அவர் அங்கே இருக்கும்போது தங்கை மெர்ஸி படுத்தார். 1892 ஜனவரி 17 அன்று, 19 வயதில் இறந்தார். எட்வின் ஊர் திரும்பினார், நோயோடு. ஊர்க்காரர்கள் ஜார்ஜை வற்புறுத்தினார்கள். மார்ச் 17 அன்று மூன்று உடல்களும் பார்க்கப்பட்டன. தாயும் மூத்த மகளும் எலும்பாகியிருந்தார்கள். மெர்ஸியின் உடல் கெடாமல் இருந்தது. இதயத்திலும் ஈரலிலும் ரத்தம் இருந்தது. அங்கிருந்த மருத்துவர் ஹெரால்ட் மெட்கஃப், இத்தனை நாளுக்கு இது இயல்புதான், நுரையீரலில் காசநோயின் தடயமே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. இதயத்தையும் ஈரலையும் பாறை மேல் வைத்து எரித்து, சாம்பலை எட்வினுக்குக் கரைத்துக் கொடுத்தார்கள். மே 2 அன்று எட்வின் இறந்தார்.

மெட்கஃப் சொன்னது முழுக்க சரி. சாவுக்குப் பிறகு ரத்தம் உறையும். ஆனால் உறைந்த கட்டியைக் கரைக்கும் நொதிகளும் உடலில் உண்டு. பல உடல்களில் ரத்தம் மறுபடி நீர்த்துவிடும். அழுகல் என்பது பாக்டீரியாக்களின் வேலை. குளிரில் அவை மந்தமாகிவிடும். மெர்ஸி இறந்தது உறைபனிக் காலத்தில். மண் கல்லாக இறுகியிருக்கும் மாதங்களில் பிணத்தைத் தரைக்கு மேலே உள்ள கல் அறையில் வைத்துவிட்டு, இளகியதும் புதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு மாதம் இயற்கையான குளிர்பெட்டியில் இருந்த உடலை, எட்டு ஒன்பது ஆண்டு மண்ணில் இருந்த உடல்களோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் திகிலூட்டத்தான் செய்யும்.

வெப்பமான பருவத்தில் வேறு விதமான தோற்ற மயக்கம். செர்பியாவின் மெட்வெஜா கிராமத்தில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர் யோஹன் ஃப்ளூக்கிங்கர் 1732-இல் எழுதிய அறிக்கையில், காட்டேரி எனப்பட்ட ஆர்னால்ட் பாவ்லே பற்றி ஊரார் சொன்னது பதிவாகியிருக்கிறது. புதைத்து 40 நாள் கழித்துத் தோண்டியபோது வாய், மூக்கு, காதில் ரத்தம். பழைய தோலும் நகமும் கழன்று புதியவை வளர்ந்திருந்தன. நெஞ்சில் கழியை அடித்ததும் முனகினான். இதில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குடல் பாக்டீரியாக்கள் வெளியிடும் மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் வயிற்றை உப்பவைக்கும். அந்த அழுத்தம் நுரையீரலில் சேர்ந்த செம்பழுப்பு நீரை வாய் வழியாகத் தள்ளும். மேல்தோல் உரிந்து நகத்தோடு கழன்றால், அடியில் ஈரமான இளஞ்சிவப்புத் தோல் தெரியும். நெஞ்சைக் குத்தினால் உள்ளிருக்கும் வாயு குரல்வளை வழியே வெளியேறும்போது சத்தம் வரும். பார்த்ததை அந்த மக்கள் துல்லியமாகச் சொன்னார்கள்.

நோயைப் பற்றி அவர்கள் கவனித்ததும் அப்படித்தான். ஒருவர் இறந்தால் அதே வீட்டில் இன்னொருவர் மெலியத் தொடங்குவார், சில மாதமோ சில ஆண்டோ கழித்து. இது நடந்தது உண்மை. காசநோய்க் கிருமி இருமல் காற்றில் பரவுகிறது. குளிர்காலத்தில் கதவடைத்த வீட்டில், ஒரே அறையில், நோயாளியின் பக்கத்தில் படுத்தவர்களுக்குத்தான் முதலில் தொற்றும். தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படும். அதுவரை கிருமி உள்ளே அடங்கிக் கிடக்கும். கிருமி கொடுத்தவர் புதைக்கப்பட்ட பிறகுதான் வாங்கியவர் இரும ஆரம்பிப்பார். இறந்தவர் வந்து உயிரை உறிஞ்சுகிறார் என்ற கணக்குக்கு இந்த இடைவெளி கச்சிதமாகப் பொருந்திப்போயிற்று. ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24 அன்று அறிவித்துவிட்டார். அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான் மெர்ஸியின் இதயம் எரிந்தது. காக் கண்டுபிடித்தது கிருமியை. மருந்து வர 1940-கள் ஆயின. மருந்து இல்லாத நோயின் முன்னால் ஒரு தகப்பன் என்ன செய்வான்? எக்ஸெட்டர்காரர்களை மூடர்கள் என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023-இல் மட்டும் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 12.5 லட்சம், புதிதாக நோயுற்றவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர்.

காட்டேரிக் கதை ஆய்வாளர்களையும் இழுத்துவிடும். வெனிஸின் லாசரெட்டோ நுவோவோ தீவில், கொள்ளைநோயில் இறந்தவர்களின் குழியில், வாயில் செங்கல்லோடு ஒரு பெண்ணின் மண்டையோடு 2006-இல் கிடைத்தது. பிணம் எதையும் மெல்லாமல் தடுக்கச் சொருகிய கல் என்று அதை அகழ்ந்தவர் வாதிட்டார். தசை அழுகினால் தாடை தானாகத் திறந்துகொள்ளும். இடிபாடு நிறைந்த குழியில் கல் தானாகவும் விழுந்திருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நான் இரண்டாவது பக்கம். ஜேபியின் எலும்புகளைப் போல வேறு விளக்கத்துக்கு இடமே இல்லாத அடுக்கு அங்கே இல்லை.

போலந்தின் ட்ராவ்ஸ்கோவில் எடுத்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. 17, 18-ஆம் நூற்றாண்டு இடுகாடு; 285 எலும்புக்கூடுகளில் 6 மட்டும் வித்தியாசமாக இருந்தன. சிலருக்குக் கழுத்தின் மேல் அரிவாள், சிலருக்குத் தாடையின் கீழ் கல். வெளியூரிலிருந்து வந்த அந்நியர்களை ஊர் சந்தேகித்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அதைச் சோதிக்கப் பல்லின் எனாமலை எடுத்தார்கள். ஒவ்வொரு நிலப்பரப்பின் பாறையிலும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் மாறுபட்ட இரண்டு வடிவங்கள், ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும். அது மண், பயிர், உணவு வழியாகக் குழந்தையின் பல்லில் சேரும். எனாமல் ஒருமுறை உருவானால் மாறாது. அந்த விகிதம், வளர்ந்த ஊர் எது என்பதைக் காட்டிக்கொடுக்கும். 2014-இல் வெளியான முடிவு: ஆறு பேரும் உள்ளூர்க்காரர்கள். அந்நியர் மேல் வந்த பயம் இல்லை அது. கொள்ளைநோயில் முதலில் செத்தவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஜேபிக்குப் பெயர் கிடைத்தது 2019-இல். ஆண்களின் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. அமெரிக்காவில் குடும்பப் பெயரும் அப்படியே போகிறது. எலும்பில் கிடைத்த ஒய் குரோமோசோம் குறியீடுகளை, வம்சாவளித் தளங்களில் மக்கள் பதிந்துவைத்த தகவலோடு ஒப்பிட்டபோது பார்பர் என்ற குடும்பப் பெயர் வந்தது. பிறகு பழைய செய்தித்தாள்களில் தேடினார்கள். கிரிஸ்வோல்டில் 1826-இல் நேத்தன் பார்பர் என்ற 12 வயதுச் சிறுவன் இறந்த செய்தி கிடைத்தது. அப்பா பெயர் ஜான் பார்பர். ஜேபியின் குழிக்கு அருகே ‘என்பி 13’ என்று ஆணியில் எழுதிய பெட்டி ஏற்கெனவே கிடைத்திருந்தது. வயதில் ஓர் ஆண்டு இடித்தாலும், என்பி நேத்தன் பார்பர் என்றால் ஜேபி ஜான் பார்பராக இருக்க வேண்டும். 2022-இல் மரபணுவை வைத்து அவர் முகத்தையும் கணித்தார்கள்: வெளிர்நிறத் தோல், பழுப்புக் கண், கருமை கலந்த முடி. கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கிய முகங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மண்டையோட்டின் முப்பரிமாண வடிவம்தான் அடித்தளம். ஜேபிக்குத் தோல், கண், முடி நிறங்களை மரபணு கொடுத்தது.

அடுத்த படி, நோயாளியின் மரபணுவோடு கிருமியின் மரபணுவையும் எடுப்பது. இதற்கு ஹங்கேரியின் வாட்ஸ் நகரம் ஓர் உதாரணம். 1994-இல் அங்கே டொமினிக்கன் தேவாலயத்தில் சுவர் வைத்து அடைத்த நிலவறை ஒன்றைத் திறந்தார்கள். மண்டையோடும் சிலுவையும் வரைந்த வண்ணச் சவப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. உள்ளே வறண்ட காற்றில் இயற்கையாக உலர்ந்த 18-ஆம் நூற்றாண்டு உடல்கள், 200-க்கு மேல். அவர்களில் எட்டுப் பேரிடமிருந்து காசநோய்க் கிருமியின் 14 மரபணுத் தொகுப்புகளை மீட்டு 2015-இல் வெளியிட்டார்கள். ஆளைவிடத் தொகுப்பு அதிகமாக இருப்பதற்குக் காரணம், ஒரே ஆளிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கிருமிகள் இருந்தன. எல்லாம் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள வம்சத்தைச் சேர்ந்தவை. அந்த எட்டுப் பேரில் தெரேசியா ஹவுஸ்மன் என்ற பெண் 1797-இல் 28 வயதில் இறந்தவர். இரண்டு வகைக் கிருமிகள் அவர் உடலில் இருந்தன. அதே நிலவறையில் வைக்கப்பட்டிருந்த அவருடைய தாயின் உடலிலும் சகோதரியின் உடலிலும் காசநோய்க் கிருமியின் மரபணு கிடைத்திருக்கிறது.